சிசிடிவியோடு வாழ்வது: மாட்டுவது முதல் கழற்றுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கேமரா வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எத்தனை மெகாபிக்சல்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நாளைக்கு ஏதாவது நடந்தால் இந்த ரெக்கார்டிங்கிடம் என்ன கேட்கப் போகிறீர்கள்? வந்தவரின் முகம் தெரிய வேண்டுமா? வண்டி எத்தனை மணிக்கு நகர்ந்தது என்று தெரிந்தால் போதுமா? நம்பர் பிளேட்டைப் படிக்க வேண்டுமா? இந்த மூன்றுக்கும் லென்ஸ் வேறு, உயரம் வேறு, வெளிச்சம் வேறு. கேள்வியை முடிவு செய்யாமல் மாட்டிய கேமரா எல்லாவற்றையும் பார்க்கும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாது. கூடவே, தேவையில்லாமல் பக்கத்து வீட்டு ஜன்னலையும் பார்த்துத் தகராறை இழுத்து வரும்.

முதலில் தாளும் பேனாவும்

வீட்டின் வரைபடத்தைக் கையாலேயே வரையுங்கள். ஆள் நுழையக்கூடிய வழிகளைக் குறியுங்கள்: கேட், முன்வாசல், பின்கதவு, மாடிப்படி, தாண்டக்கூடிய சுற்றுச்சுவர். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். "யார்?" என்றால் முகம் வேண்டும். "என்ன நடந்தது?" என்றால் அகலமான காட்சி வேண்டும். "யாராவது வந்தார்களா?" என்பது மட்டும்தான் கேள்வி என்றால் கேமராவே தேவையில்லை, கதவு சென்சாரோ மோஷன் விளக்கோ போதும்.

"யார்?" கேமராவுக்குப் பொருத்தமான இடம், வருகிறவர் கடந்தே ஆக வேண்டிய குறுகலான வழி: கேட்டின் திறப்பு, வாசற்படி, படிக்கட்டின் திருப்பம். வீட்டின் நான்கு மூலையிலும் நான்கு அகலக் கேமரா என்பது மாட்டுகிறவர்களின் வழக்கமான கணக்கு. முதல் நாள் திரையில் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். திருட்டுப் போன மறுநாள் பார்த்தால் நான்கிலும் சட்டை நிறம் தெரியும், முகம் தெரியாது. அதே நான்கில் இரண்டை முகத்துக்கும் இரண்டை அகலத்துக்கும் ஒதுக்கினாலே நிலைமை மாறிவிடும்.

பிக்சல் கணக்கு

முகம் தெரியுமா தெரியாதா என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு அதற்கு அளவு சொல்கிறது. காட்சியில் 1 மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் இருந்தால் ஆள் இருப்பது தெரியும். 125 இருந்தால் ஏற்கெனவே பழகியவரை அடையாளம் தெரியும். முன்பின் தெரியாத ஒருவரை உறுதியாக அடையாளம் காட்ட 250 வேண்டும்.

2 மெகாபிக்சல் கேமராவின் படம் குறுக்கே 1920 பிக்சல். 1920ஐ 250ஆல் வகுத்தால் 7.68. அதாவது காட்சியின் அகலம் 7.68 மீட்டருக்குள் இருக்கும் வரைதான் புதியவரின் முகம் தேறும். பெரும்பாலான கேமராக்களோடு வரும் 2.8 மிமீ லென்ஸ் ஏறக்குறைய 105 டிகிரி விரிந்து பார்க்கும். அந்த லென்ஸில் காட்சி 7.68 மீட்டர் அகலம் ஆவது வெறும் 3 மீட்டர் தொலைவிலேயே. அதைத் தாண்டி நிற்பவர் படத்தில் இருப்பார், அடையாளத்துக்கு உதவமாட்டார். அதே 2 மெகாபிக்சலில் 6 மிமீ லென்ஸ் போட்டால் பார்வை சுமார் 55 டிகிரியாகக் குறுகும், முகம் தெரியும் தொலைவு 7 மீட்டரைத் தாண்டும். மெகாபிக்சலை ஏற்றுவதைவிட லென்ஸை மாற்றுவது பல இடங்களில் நல்ல பலன் தருவது இதனால்தான். 8 மெகாபிக்சல் கேமரா பகலில் கெட்டிக்காரன். அதே அளவுள்ள சென்சாரில் அதிகப் பிக்சலை அடைத்திருப்பதால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைந்து, இரவில் 4 மெகாபிக்சலிடம் தோற்றுப்போவதும் உண்டு.

சுவரில் துளை போடும் முன் இந்தக் கணக்கைச் சோதித்துவிடுங்கள். கேமராவை ஒரு கம்பில் கட்டி நினைத்த இடத்தில் பிடித்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை நடந்து வரச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பகலில் ஒரு முறை, நன்றாக இருட்டிய பிறகு ஒரு முறை. நேரலையை நம்ப வேண்டாம். பதிவை நிறுத்தி, ஒரு ஃப்ரேமைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

உயரம்

"கை எட்டாத உயரத்தில் மாட்டுங்க" என்பார்கள். கைக்கு எட்டாதுதான், முகமும் எட்டாது. 4 மீட்டர் உயரத்தில் கேமரா, 3 மீட்டர் தள்ளி நிற்பவரின் முகம் 1.6 மீட்டர் உயரத்தில் என்று வையுங்கள். கேமரா அவரைச் சுமார் 39 டிகிரி சாய்வில் பார்க்கிறது. தொப்பி போட்டிருந்தால் தொப்பிதான் பதிவாகும். அதே கேமராவை 2.5 மீட்டருக்கு இறக்கினால் சாய்வு 17 டிகிரி; புருவமும் மூக்கும் வாயும் தெரியும். முகத்துக்கான கேமரா 2.3 முதல் 2.7 மீட்டருக்குள் இருக்கட்டும். யாராவது திருப்பிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், பிடித்துத் திருப்ப முடியாத டோம் வகையைப் போட்டு, உயரத்தில் இருக்கும் அகலக் கேமரா ஒன்று அதைப் பார்க்கும்படி வையுங்கள்.

இரவுதான் பரீட்சை

பகலில் எந்தக் கேமராவும் நன்றாகத்தான் தெரியும். புகார்கள் வருவதெல்லாம் இரவிலிருந்துதான்.

படம் முழுக்க வெள்ளைப் புகை மூடியது போல இருந்தால் கேமராவின் ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு) வெளிச்சம் பக்கத்தில் எதிலோ பட்டுத் திரும்புகிறது. சுவரை ஒட்டி மாட்டியிருப்பீர்கள், அல்லது கூரை விளிம்போ ஓர் இலையோ காட்சியின் ஓரத்தில் இருக்கும். கேமராவுக்கு மிக அருகே இருக்கும் பொருள் பளீரென்று ஒளிர்ந்தால் கேமரா தான் வாங்கும் வெளிச்சத்தை (எக்ஸ்போஷரை) குறைத்துக்கொள்ளும். தூரத்தில் உள்ளதெல்லாம் இருட்டில் மூழ்கிவிடும். கேமராவைச் சில சென்டிமீட்டர் முன்னால் தள்ளினாலோ திருப்பினாலோ சரியாகிவிடும். டோம் கேமராவில் இதே கோளாறு வந்தால் கண்ணாடிக் கூட்டின் உள்பக்கம் பாருங்கள். லென்ஸைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் கூட்டோடு ஒட்டி உட்காரவில்லை என்றால் ஐஆர் உள்ளேயே எதிரொளிக்கும். மாட்டும்போது விரல்ரேகை பட்டிருந்தாலும் இரவில் மங்கும். மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள்.

அடுத்தது சிலந்தி. வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், ஒரே இரவில் லென்ஸுக்கு முன்னால் வலை. காற்றில் அது ஆடும்போதெல்லாம் மோஷன் அலாரம் அடித்து, நாலாம் நாள் நீங்களே நோட்டிஃபிகேஷனை நிறுத்திவிடுவீர்கள். உறுதியான தீர்வு, கேமராவில் உள்ள ஐஆரை அணைத்துவிட்டு, 1 மீட்டராவது தள்ளித் தனி ஐஆர் விளக்கோ சிறிய எல்இடி விளக்கோ போடுவது. எல்இடி வெளிச்சம் இருந்தால் நிறமும் பதிவாகும். நிறம் ஏன் முக்கியம் என்றால், ஐஆரில் கறுப்புச் சட்டைகூடச் சில துணிகளில் வெள்ளையாகத் தெரியும். "வெள்ளைச் சட்டைக்காரன்" என்று தேடி ஏமாற வேண்டியிருக்கும்.

மூன்றாவது, நடப்பவர் பேய் மாதிரி இழுபட்டுத் தெரிவது. இருட்டில் ஆட்டோ ஷட்டர் (ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சம் வாங்கும் நேரம்) மெதுவாகிவிடுகிறது. சாதாரண நடை நொடிக்கு 1.4 மீட்டர். ஷட்டர் 1/12 நொடிக்கு இறங்கினால் அந்த ஒரு ஃப்ரேமுக்குள் ஆள் 12 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், முகம் கோடாகிவிடும். ஷட்டரை 1/50இல் நிறுத்தினால் நகர்வு 3 சென்டிமீட்டருக்கும் கீழே. படம் கொஞ்சம் இருட்டாகும், அதை விளக்கால் ஈடுகட்டுங்கள். நேரலையில் பளிச்சென்று தெரிகிறதே என்று மெதுவான ஷட்டரை விட்டுவைப்பதுதான் அதிகம் பேர் விழும் குழி.

வெளியே பார்த்திருக்கும் வாசலில் வருகிறவர் நிழலுருவாகத் தெரிந்தால், வெளிச்சமான பகுதியையும் இருட்டான பகுதியையும் ஒரே படத்தில் தெரியவைக்கும் டபிள்யூடிஆரை இயக்குங்கள். 120 டெசிபல் (dB) என்று குறிப்பிட்ட கேமராக்களில் இது வன்பொருளாகவே இருக்கும். பெட்டியில் "டிஜிட்டல் டபிள்யூடிஆர்" என்று இருந்தால் அது மென்பொருள் ஒட்டுவேலைதான். நம்பர் பிளேட்டுக்குத் தனிக் கேமரா வேண்டும்: குறுகிய பார்வையுள்ள லென்ஸ், 1/500 முதல் 1/1000 வரை ஷட்டர், பிளேட்டைப் பார்க்கும் கோணம் 30 டிகிரிக்குள். அதில் வேறு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

வயர், கரன்ட், வைஃபை

"பகல்ல நல்லா ஓடுது, ராத்திரி ஆனா ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வருது." இந்தப் புகாருக்குக் கேமராவை மாற்றிப் பயனில்லை. 12 வோல்ட் கேமரா பகலில் சுமார் 0.2 ஆம்பியர் எடுக்கும், ஐஆர் எரியும்போது 0.5 ஆகும். லேன் கேபிளின் ஒரு ஜோடிக் கம்பியில் 30 மீட்டருக்குக் கரன்ட் அனுப்பினால் போக வர 60 மீட்டர், மின்தடை ஏறக்குறைய 5 ஓம். பகலில் 1 வோல்ட் இழப்பு, கேமராவுக்கு 11 கிடைக்கும், ஓடும். இரவில் 2.5 வோல்ட் இழப்பு, கிடைப்பது 9.5. கேமரா அணையும், அணைந்ததும் இழப்பு நீங்கி வோல்டேஜ் ஏறும், மறுபடி எழும். சந்தேகம் இருந்தால் ஐஆர் எரியும்போது கேமரா முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். தடிமனான செம்புக் கம்பிக்கு மாறுவது ஒரு வழி, அடாப்டரைக் கேமரா பக்கம் கொண்டுபோவது இன்னொரு வழி. செம்பு பூசிய அலுமினியக் கேபிளில் இழப்பு இன்னும் கூடும். ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளி நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு பிஓஇ நல்லது. ஒரே லேன் கேபிளில் படமும் கரன்ட்டும் போகும். 48 வோல்ட் அளவில் போவதால் இழப்பு பாதிப்பதில்லை. ஒரு கேபிளின் நீளம் 100 மீட்டருக்குள் இருக்கட்டும். 802.3ஏஎஃப் என்ற சாதாரண பிஓஇ வகைப் போர்ட் அதிகபட்சம் 15.4 வாட் தரும், ஆனால் சுவிட்ச்சின் மொத்த வாட் அளவைப் பாருங்கள். 8 போர்ட்டுக்கு மொத்தமே 60 வாட் என்றால் போர்ட்டுக்கு 7.5தான்.

வெளியில் போடும் இணைப்பு எதுவும் திறந்து தொங்கக் கூடாது. கேமராவின் பின்னால் உள்ள ஜங்ஷன் பாக்ஸுக்குள் போகட்டும். கேபிள் பெட்டிக்குள் கீழிருந்து நுழையட்டும். நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். வைஃபை கேமரா கையில் இருந்தால் குறைந்தது இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: ரவுட்டர் அணைந்தால் அதுவும் கண்ணை மூடிவிடும், சிக்னலைக் கெடுப்பதும் எளிது. மெமரி கார்டு போட்டு வையுங்கள். பேட்டரி கேமராவில் உடல் வெப்பத்தை உணரும் பிஐஆர் சென்சார் குறுக்கே நடப்பவரைச் சட்டென்று உணரும், நேராக வருபவரைத் தாமதமாகத்தான் உணரும். எனவே நடைபாதை காட்சியின் குறுக்கே போகும்படி மாட்டுங்கள்.

எத்தனை நாள் வைப்பது

கணக்கு எளிது: 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு 1 மெகாபிட்) பிட்ரேட்டில் ஒரு நாள் முழுக்கப் பதிவானால் 10.8 ஜிபி. 2 எம்பிபிஎஸ்ஸில் ஓடும் 4 கேமரா ஒரு நாளைக்கு 86.4 ஜிபி. 1 டெராபைட் (டிபி) ஹார்டு டிஸ்க்கில் 11 நாள், 2 டிபியில் 23 நாள் வரும். மோஷன் பதிவுக்கு மாறினால் நாட்கள் கூடும். ஆனால் முகத்துக்கான கேமராவில் தொடர் பதிவையே வைத்துக்கொள்வது நல்லது, மோஷன் விட்டுவிடும் முதல் இரண்டு நொடியில்தான் ஆள் தலைநிமிர்ந்து பார்த்திருப்பார்.

வீட்டுக்கு 10 முதல் 15 நாள் போதும். ஊருக்குப் போய் வரும் காலம் அதற்கு மேல் என்றால் அதைக் கணக்கில் எடுங்கள். மூன்று மாதம் வைத்திருப்பதால் பாதுகாப்பு கூடாது. கசிந்தால் கசியும் அளவுதான் கூடும். டிஸ்க் 24 மணி நேர எழுத்துக்கென்றே செய்த சர்வைலன்ஸ் வகையாக இருக்கட்டும். மெமரி கார்டு என்றால் ஹை எண்டியூரன்ஸ் வகை. தேய்ந்துபோன கார்டு சத்தமில்லாமல் எழுதுவதை நிறுத்திவிடும். ஆப்பில் நேரலை வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும், பதிவு மட்டும் இருக்காது.

ரெக்கார்டரை டிவிக்குக் கீழே வைக்காதீர்கள். கேமராவைப் பார்த்த திருடன் அடுத்துத் தேடுவது அந்தப் பெட்டியைத்தான். காற்றோட்டமுள்ள, பூட்டக்கூடிய அலமாரி நல்லது. யூபிஎஸ்ஸில் ரெக்கார்டரோடு பிஓஇ சுவிட்ச்சையும் ரவுட்டரையும் சேர்த்தே இணையுங்கள். நேரத்தை என்டிபி (இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுக்கும் வசதி) வழியாகத் தானாகச் சரிசெய்யும்படி வையுங்கள். இணையம் இல்லாத இடத்தில் கரன்ட் போய் வந்ததும் தேதி பழைய வருடத்துக்குப் போனால் போர்டில் உள்ள காசு பேட்டரி தீர்ந்திருக்கிறது.

பூட்டு

2016 அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. அந்தத் தளங்களின் இணைய முகவரியைக் காட்டித்தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியது மிராய் என்ற தீநிரல். அது ஆள்சேர்த்த கருவிகளில் ஏராளமானவை வீட்டு ஐபி கேமராக்களும் டிவிஆர் என்ற ரெக்கார்டர்களும். தொழிற்சாலையில் வைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் சில டஜனைப் போட்டுப் பார்த்தே உள்ளே நுழைந்தது. 2021 மார்ச்சில் வெர்காடா என்ற கிளவுட் கேமரா நிறுவனத்தின் நிர்வாகக் கணக்கு ஒன்று வெளியாள் கையில் சிக்கி, மருத்துவமனை, சிறை உட்பட ஏறக்குறைய 1,50,000 கேமராக்கள் திறந்துகிடந்தன. 2024 பிப்ரவரியில் வைஸ் கேமரா ஆப்பில் சுமார் 13,000 பேருக்கு வேறு யாரோ வீட்டின் படங்கள் தெரிந்தன. முதலாவது வீட்டுக்காரர் ஓரளவாவது தடுத்திருக்கக்கூடியது. மற்ற இரண்டும் கிளவுட்டின் கதை. அங்கே உங்கள் கையில் இருப்பது, எந்தக் காட்சியை அங்கே அனுப்புவது என்ற முடிவு மட்டும்.

இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. மாட்டியவரின் பிடியை எடுங்கள். பல வீடுகளில் கருவி முதன்முதலில் இணைந்தது மாட்டியவரின் போன் கணக்கோடுதான். உங்களுக்கு அதிலிருந்து "ஷேர்" மட்டும் செய்திருப்பார். ஆப்பில் உரிமையாளர் யார் என்று பாருங்கள். நீங்கள் இல்லை என்றால் அவரை நீக்கச் சொல்லி, கருவியை ரீசெட் செய்து உங்கள் மின்னஞ்சலில் புதிதாகச் சேருங்கள்.
2. அட்மின் பாஸ்வேர்டு குறைந்தது 14 எழுத்து, வேறெங்கும் பயன்படுத்தாதது. ஐபி கேமராவுக்கு ரெக்கார்டரைத் தவிர்த்துத் தனிப் பாஸ்வேர்டு உண்டு என்பதை மறக்காதீர்கள்.
3. தினசரி பார்க்க, பார்வை உரிமை மட்டும் உள்ள தனிக் கணக்கு. அட்மினை அமைப்புகளை மாற்ற மட்டும் திறங்கள். ஆப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.
4. வெளியிலிருந்து வரும் வழியைத் தானாகத் திறந்துவிடும் யுபிஎன்பியை ரவுட்டரில் அணையுங்கள். போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் 80, 554, 8000, 37777 போன்ற எண்கள் இருந்தால் நீக்குங்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் ரவுட்டரில் விபிஎன் (மறையாக்கிய தனிப் பாதை) அமைத்து அதன் வழியாக வாருங்கள்.
5. கேமராக்களைக் கெஸ்ட் நெட்வொர்க்கிலோ தனி விலேனிலோ (வீட்டு நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பகுதி) ஒதுக்குங்கள். ஒன்று வெளியாள் கையில் சிக்கினாலும் அங்கிருந்து உங்கள் லேப்டாப்புக்கு வழி இருக்காது.
6. ஃபர்ம்வேருக்கு (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட மாடல் என்றால் அதற்கு இணையத்தைத் துண்டித்து, உள்நெட்வொர்க்கில் மட்டும் ஓட விடுங்கள்.

வீட்டுக்குள் கேமரா

படுக்கையறை, குளியலறை, உடை மாற்றும் இடம்: கிடையாது. "யாரும் பார்க்கப் போவதில்லை" என்பது பதிலாகாது. ஹாலில் வைத்தே தீர வேண்டும் என்றால் லென்ஸை மூடும் ஷட்டர் உள்ள மாடலை வாங்குங்கள், அல்லது ஸ்மார்ட் பிளக் போட்டு வீட்டில் ஆள் இருக்கும்போது கரன்ட்டையே நிறுத்துங்கள். ஆப்பில் உள்ள "ப்ரைவசி மோட்" மென்பொருள் வாக்குறுதி. பிளக்கை எடுத்தால்தான் சந்தேகத்துக்கு இடமில்லை.

வீட்டில் வேலை செய்பவர், குடியிருப்பவர், தங்க வந்தவர் எல்லோரிடமும் கேமரா எங்கே இருக்கிறது, ஒலி பதிகிறதா, யார் பார்ப்பார்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தனியாக இருக்கும் முதியவருக்காகக் கேமரா வைக்க நினைப்பவர்கள் முதலில் அவரிடம் கேளுங்கள். எழுந்து நடமாடுகிறாரா என்பதுதான் கேள்வி என்றால் கதவிலும் ஹாலிலும் வைக்கும் மோஷன் சென்சாரே பதில் தந்துவிடும். அவர் சட்டை மாற்றுவதை மகனின் ஆபீஸ் போன் பார்க்க வேண்டியதில்லை.

பக்கத்து வீடு

உங்கள் கேமரா அவர்கள் பக்கம் எட்டிப் பார்த்தால் அமைப்புகளில் ப்ரைவசி மாஸ்க் என்று இருக்கும். அவர்களின் ஜன்னல், வாசல் மேல் கறுப்புக் கட்டம் போட்டுச் சேமியுங்கள். அந்தப் பகுதி பதிவிலேயே இருக்காது. பிறகு போனில் அந்தக் காட்சியை அவர்களிடம் நேரில் காட்டிவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும். ஒலிப்பதிவை அணையுங்கள். 2014இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், வீட்டுக் கேமரா பொதுப் பாதையையும் பதிவு செய்தால் அது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் "சொந்த வீட்டு விஷயம்" என்ற விலக்கில் வராது என்றது. 2021இல் இங்கிலாந்தில் ஒரு கவுன்ட்டி நீதிமன்றம் டோர்பெல் வழக்கில் இன்னொன்றைச் சுட்டிக்காட்டியது: ஒலி, படம் பிடிக்கும் எல்லையையும் தாண்டிப் போகிறது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், மைக் கேட்கும் தூரம் மாறாது.

மறுபக்கம், அவர்கள் கேமரா உங்களைப் பார்ப்பதாகத் தோன்றினால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். டோமின் கறுப்புக் கண்ணாடிக்குள் லென்ஸ் எங்கே திரும்பியிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், மாஸ்க் போடச் சொல்லுங்கள். மறுத்தால் தேதியோடு எழுத்தில் கேளுங்கள். பின்னால் புகார் தர அதுதான் ஆதாரம். ஜன்னலில் ஒருவழிக் கண்ணாடித்தாள் ஒட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் அது தலைகீழாக வேலை செய்யும். மங்கல் தாளோ திரைச்சீலையோதான் இரவுக்கு. லேசர் அடிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள், கண்ணைக் கெடுக்கும், வழக்கும் உங்கள் மேல்தான் வரும்.

கடையிலோ அலுவலகத்திலோ உள்ள பதிவு உங்களுக்குத் தேவைப்பட்டால் அன்றே எழுதிக் கொடுங்கள்: தேதி, பத்து நிமிடத்துக்குள் அடங்கும் நேரம், எந்த வாசல், என்ன உடை. அங்கேயும் டிஸ்க் சுழன்று மேலெழுதிக்கொண்டுதான் இருக்கும். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் உங்கள் பதிவைக் கேட்கும் உரிமையைத் தந்து, பதிலுக்கு 1 மாதம் கெடு வைக்கிறது. டிஸ்க் அந்த ஒரு மாதம் காத்திருக்காது. எனவே "அழிக்காமல் எடுத்து வையுங்கள்" என்ற வரி முதல் கடிதத்திலேயே இருக்க வேண்டும்.

ஏதாவது நடந்துவிட்டால்

மானிட்டரை மொபைலில் படமெடுத்து அனுப்புவது அவசரத்துக்குச் சரி, ஆதாரத்துக்கு உதவாது. ரெக்கார்டரில் அந்த நேரத்தைத் தேடி, முன்னும் பின்னும் 30 நிமிடம் சேர்த்து, எல்லாக் கேமராவிலும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நோட்டம் பார்க்க வந்தவன் முந்தைய நாள் பதிவில் இருக்கலாம், அதையும் எடுங்கள். எம்பி4 மட்டும் போதாது. ரெக்கார்டரின் சொந்த வடிவத்திலும், அதற்கான பிளேயரோடு சேர்த்து எடுங்கள். திரையில் காட்டும் நேரத்தையும் போனில் உள்ள சரியான நேரத்தையும் ஒரே படத்தில் பதிவு செய்துகொண்டால், எத்தனை நிமிட வித்தியாசம் என்பது நிற்கும். இரண்டு பென்டிரைவ்: ஒன்று காவல்துறைக்கு, ஒன்று உங்களுக்கு. மூலக் கோப்பை வெட்டவோ வெளிச்சம் ஏற்றவோ கூடாது. தெரு குழுக்களில் முகத்தோடு பரப்பாதீர்கள். வழிகேட்டு வந்தவர் திருடனாகிப்போவது இப்படித்தான்.

தங்கும் அறையில் ஒளிந்த கேமரா

ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் தங்கும் இடங்களின் உள்ளே கேமராவையே தடை செய்தது. விதி இருந்தாலும் சோதித்துக்கொள்வது நல்லது. 

படுக்கை, குளியலறை இரண்டையும் நேராகப் பார்க்கும் பொருட்களைக் கவனியுங்கள்: புகை எச்சரிப்பான், கடிகாரம், சார்ஜர் அடாப்டர், காற்றோட்டத் துளை, செட்டாப் பாக்ஸ். மின்சாரத்தில் செருகியிருந்தும் என்ன வேலை செய்கிறது என்று தெரியாத பொருள்தான் முதல் சந்தேகம். விளக்கை அணைத்து, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். லென்ஸ் சின்னப் புள்ளியாக மின்னும். கோணம் மாறினால் மறையும் என்பதால் அறையின் இரண்டு மூன்று இடங்களிலிருந்து பாருங்கள். இருட்டில் ஐஆர் ஒளியைத் தேடிப் போனின் முன்கேமரா வழியாகவும் ஒரு சுற்று. டிவி ரிமோட்டை அழுத்தி அதன் ஒளி தெரிகிறதா என்று முதலில் சோதியுங்கள். அந்த ஒளி தெரியாத போன் இதற்கு உதவாது. வைஃபையில் என்னென்ன கருவி இருக்கிறது என்று காட்டும் ஆப்கள் பாதிதான் உதவும். மெமரி கார்டில் மட்டும் பதியும் கேமராவும், வேறு நெட்வொர்க்கில் உள்ளதும் அதில் வராது.

கண்டுபிடித்தால் கழற்றாதீர்கள், கார்டை உருவாதீர்கள். அறை எண் தெரிய, இருக்கும் இடம் தெரியப் படமெடுத்து, லென்ஸ் மேல் துணி போட்டு, வெளியே வந்து காவல்துறையை அழையுங்கள். உரிமையாளரிடம் பிறகு பேசலாம்.

மாதம் பத்து நிமிடம், கடைசியில் ஒரு ரீசெட்

மாதம் ஒருமுறை, ஒரு வாரம் முந்தைய ஏதாவது ஓர் இரவைத் திறந்து ஒவ்வொரு கேமராவிலும் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். பதிவு இருக்கிறதா, முகம் தெரிகிறதா, நேரம் சரியா, மிகப் பழைய பதிவு எந்தத் தேதி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய தேதி திடீரென்று நெருங்கி வந்தால் டிஸ்க் கெட்டுக்கொண்டிருக்கலாம், அல்லது யாரோ பிட்ரேட்டை மாற்றியிருக்கிறார்கள். வலையைத் துடைப்பத்தால் தட்டிவிடுங்கள். பயனர் பட்டியலில் வேலையை விட்டவர், வீட்டை விட்டுப் போனவர் இருந்தால் நீக்குங்கள்.

கேமராவையோ ரெக்கார்டரையோ விற்கும்போதும் கொடுத்துவிடும்போதும் முதலில் ஆப்பிலிருந்து கருவியை நீக்கி, பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வரிசை மாறினால் கருவி உங்கள் கணக்கிலேயே தங்கிவிடக்கூடும். வாங்கியவர் வீட்டைப் பார்க்கும் வசதி உங்களுக்குக் கிடைத்துவிடலாம், அது இரு பக்கமும் வம்பு. மெமரி கார்டை உருவி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கை ஃபார்மட் செய்தால் மட்டும் போதாது, அழித்த காட்சிகளை மீட்கும் மென்பொருள் எளிதில் கிடைக்கிறது. கணினியில் இணைத்து முழு டிஸ்க்கையும் ஒருமுறை பூஜ்யங்களால் நிரப்புங்கள். 2 டிபிக்குச் சில மணி நேரம் ஆகும். அந்தப் பொறுமை இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள்.